ஓடை எந்த இடத்தில் உள்ளே இறங்குகிறது? கார்ஸ்ட் நிலத்தில் ரேடார் இழுப்பது பற்றி

கேள்வி, ஜனவரி 14

கார்ஸ்ட், அதாவது நீர் கரைத்துப் பிளவும் குகையுமாக ஆக்கிய சுண்ணாம்புப் பாறை நிலம். ஓடை ஒன்று மேலே நன்றாக ஓடி வந்து, 300 மீட்டர் தூரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் கூழாங்கல் மட்டும் மிச்சமாகிறது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தாழ்வான இடத்தில் ஓர் ஊற்று பொங்குகிறது. இரண்டும் ஒரே நீர் என்று நினைக்கிறோம். ஓடையிலிருந்து ஊற்று வரைக்கும் தரை ஊடுருவும் ரேடாரை இழுத்துக்கொண்டு போனால், அடியில் ஓடும் ஆறு தெரிந்துவிடும் அல்லவா? எந்த அதிர்வெண் எடுக்கலாம்?

ஜனவரி 14, இரவு

அடியில் ஓடும் ஆறு ரேடாரில் தெரியாது. இதே நினைப்போடு ஐந்து நாள் கருவியை இழுத்தவன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரேடார் அலை கீழே போகிறது. மின்பண்பு சட்டென்று மாறும் எல்லையில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. நமக்குக் கிடைப்பது அந்தத் திரும்பி வரும் நேரம் மட்டுமே. நீர் ஓடுகிறதா, நிற்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்று அதற்குத் தெரியாது. ஆழமும் ஒரு தடை. மேலே மண்ணே இல்லாத சுத்தமான சுண்ணாம்புப் பாறையில் 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா 15, 20 மீட்டர் வரை பார்க்கும். 50க்கு இறங்கினால் இன்னும் கொஞ்சம். உங்கள் ஊற்று தாழ்வில் இருக்கிறது என்றால், நடுவில் நீர்வழி எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதை மட்ட வித்தியாசத்தை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். பெரும்பாலும் ரேடாருக்கு எட்டாது.

ஒன்றரை கிலோமீட்டரை விடுங்கள். அந்த 300 மீட்டரைப் பிடியுங்கள். ஓடை நீர் எந்த இடத்தில், எந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்குகிறது என்பது மேலேயுள்ள சில மீட்டருக்குள் நடக்கிற விஷயம். அது ரேடாரின் ஆழம். உலகில் நாலில் ஒருவர் குடிப்பது கார்ஸ்ட் நீரைத்தான் என்பதால் இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வியும் இல்லை.

ஜனவரி 15

மூன்று எண்கள் போதும்: 1, 9, 81. மின்காப்பு மாறிலி என்பது ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண். காற்றுக்கு அது 1. சுண்ணாம்புப் பாறைக்கு ஏறக்குறைய 9 (நன்றாகக் காய்ந்திருந்தால் 6, 7 என்றும் வரும்). நீருக்கு 81ஐ ஒட்டி. வர்க்கமூலம் எடுத்தால் 1, 3, 9. வெற்றிடத்தில் அலை ஒரு நானோவினாடியில் 0.3 மீட்டர் போகும். அதை இந்த மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். காற்றில் 0.3, பாறையில் 0.1, நீரில் 0.033.

பாறையில் போகிற அலை ஒரு குகையின் கூரையைத் தொடுகிறது என்று வைப்போம். உள்ளே காற்று என்றால் எதிரொலியின் அளவு (3−1)/(3+1), அதாவது +0.5. உள்ளே நீர் என்றால் (3−9)/(3+9), அதாவது −0.5. வலு ஒன்றேதான், அலை மட்டும் தலைகீழாகத் திரும்புகிறது. எதிரொலியின் வலுவை மட்டும் பார்த்து "இங்கே பெரிய குகை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தலைகீழைப் பார்ப்பதே இல்லை. வெற்றுக் குகையா, நீர் நிறைந்த குகையா என்பது அதில்தான் இருக்கிறது. ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள உறவைத் தேடுகிறவருக்கு அதைவிட முக்கியமான தகவல் வேறு என்ன?

அப்புறம் உயரம். 2 மீட்டர் உயரக் குகையில் காற்று இருந்தால், கூரை எதிரொலிக்குப் பின் 13 நானோவினாடியில் தரை எதிரொலி வரும். நீர் இருந்தால் 120 நானோவினாடி ஆகும். பாறை வேகத்தை வைத்தே மென்பொருள் ஆழம் போடும்போது, காற்றுக் குகை முக்கால் மீட்டர்கூட இல்லாததாகவும், நீர்க்குகை 6 மீட்டர் உயரமாகவும் படத்தில் விழும். அதே 2 மீட்டர்தான்.

ஜனவரி 15, பிறகு

நேற்று களிமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மறந்தேன். சுண்ணாம்பு கரைந்தபின் கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் களிமண்தான். அது உறிஞ்சு துளைகளிலும் (ஓடை நீர் உள்ளே இறங்கும் குழிகள்) பிளவுகளிலும் போய் அடைந்துகொள்கிறது. ஈரக் களிமண்ணில் ரேடார் ஒன்றிரண்டு மீட்டருக்குள் செத்துவிடும், பல இடங்களில் ஒரு மீட்டர்கூடத் தாண்டாது. 300 மீட்டரையும் நடந்து, ஒரு மண்வெட்டியால் பத்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். விரலில் உருட்டினால் திரி திரியாக வரும் மண் என்றால் ரேடாரை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம்.

ஜனவரி 19

"மீசை மாதிரி ஒரு வளைவு தெரிகிறது, குகை என்று முடிவு செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வறண்ட ஓடைப் படுகை. 100 மெகாஹெர்ட்ஸ், கவசம் இல்லாத ஆன்டெனா. நான் முன்னால் இழுக்க, பின்னால் ஒருவர் கேபிள் கல்லில் சிக்காமல் தூக்கிப் பிடித்து வருகிறார். 140வது மீட்டரில் திரையில் ஒரு வளைவு ஏறியது. உச்சி 60 நானோவினாடியில். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சரிந்து இறங்கும் அழகான அதிபரவளையம். பாறை வேகத்தில் கணக்குப் போட்டால் 3 மீட்டர் ஆழம். அன்று மாலையே வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டோம். மறுநாள் துளையிட இடம் குறித்தாகிவிட்டது.

இரவில் உட்கார்ந்து வளைவின் சரிவுக்கு வேகம் பொருத்திப் பார்த்தேன். 0.1 பொருந்தவில்லை. 0.12 பொருந்தவில்லை. ஏற்றிக்கொண்டே போனால் 0.3இல் கச்சிதமாக உட்கார்ந்தது. அது காற்றின் வேகம். அலை தரைக்குள் போகவே இல்லை. 60 நானோவினாடி, காற்றில், போக வர என்றால் 9 மீட்டர். காலையில் டேப் எடுத்துக்கொண்டு 140வது மீட்டரில் நின்று அளந்தேன். கரையில் தனியாக நின்ற ஒரு மரத்தின் அடிமரம் சரியாக 9 மீட்டரில் இருந்தது.

கவசமில்லாத ஆன்டெனா எல்லாப் பக்கமும் கத்தும், எல்லாப் பக்கமும் கேட்கும். மரம், மின்கம்பி, பாறைச் சுவர், வேலி, எல்லாமே கீழே இருப்பது போலப் படத்தில் வந்து உட்காரும். ஆகவே வளைவு தெரிந்தால் முதலில் வேகத்தைப் பொருத்துங்கள். 0.1 பக்கம் வந்தால் பிறகு பேசலாம். படம் எடுக்கும்போதே கரையில் என்னென்ன நிற்கிறது, எத்தனை மீட்டரில் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போவது இன்னும் நல்லது. அன்றிலிருந்து நான் ஒரு கோட்டையும் அந்த நோட்டு இல்லாமல் எடுத்ததில்லை.

ஜனவரி 20

திருத்தம். "நாலில் ஒருவர்" என்று முதல் நாள் எழுதியது பழைய கணக்கு. பல புத்தகங்களில் 20 முதல் 25 விழுக்காடு என்று இருக்கும். சமீபத்திய மதிப்பீடு 10 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது. அதுவே கோடிக்கணக்கான ஆட்கள். எண்ணைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ஜனவரி 27

சாயம் விட்டால் போதுமே, ரேடார் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

டான்யூப் ஆறு ஜெர்மனியில் இம்மென்டிங்கன் பக்கத்தில் படுகைக்குள்ளேயே இறங்கிக் காணாமல் போகும். கோடையில் பல நாள் படுகை முழுசாகவே வறண்டு கிடக்கும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே ஆஹ் என்னும் பெரிய ஊற்று. 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர் டான்யூப் மறையும் இடத்தில் 10 கிலோ ஒளிரும் சாயத்தை விட்டார். அதோடு உப்பும் எண்ணெயும்கூட விட்டுப் பார்த்தார்கள். சுமார் 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. டான்யூப் போய்ச் சேர்வது கருங்கடலில். ஆஹ் ஊற்றின் நீர் கான்ஸ்டன்ஸ் ஏரி வழியாக ரைன் ஆற்றில் கலந்து வடகடலுக்குப் போகிறது. ஒரே ஆற்றின் நீர் இரண்டு கடலுக்குப் பிரிகிறது என்பதை ஒரு சாயம் நிரூபித்தது.

வேகத்தைப் பாருங்கள்: 12 கிலோமீட்டருக்கு 60 மணி என்றால் மணிக்கு 200 மீட்டர். மணல் நிலத்தில் நிலத்தடி நீர் ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் போனாலே வேகம் என்போம்.

உங்கள் ஒன்றரை கிலோமீட்டருக்கும் சாயம்தான் வழி, அதில் சந்தேகமே இல்லை. இரண்டும் ஒரே நீரா, எத்தனை மணி நேரத்தில் போகிறது, எவ்வளவு போய்ச் சேர்கிறது என்றெல்லாம் அது சொல்லும். 300 மீட்டரில் எந்தச் சில மீட்டரில் நீர் இறங்குகிறது என்று சாயம் சொல்லாது. அதைத் தேடத்தான் ரேடார். ரேடாருக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: 50 மீட்டருக்கு ஒரு தடவை ஓடையின் ஓட்டத்தை அளந்துகொண்டே வாருங்கள். எங்கே சட்டென்று குறைகிறதோ அந்தத் துண்டில்தான் முதல் கோடு.

பிப்ரவரி 2

இது எழுத மனசில்லாத குறிப்பு. ஆனாலும் எழுதுகிறேன், இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

கூழாங்கல் படுகையின் அடியில், பாறைக்கு மேலே, நீர் தேங்கி நிற்கும் மட்டம் ரேடாரில் தெளிவாகத் தெரியும். உலர்ந்த கூழாங்கல்லுக்கும் நீர் நிறைந்த கூழாங்கல்லுக்கும் மின்காப்பு மாறிலியில் அவ்வளவு வித்தியாசம். அது படத்தில் நேர்கோடாகக் குறுக்கே ஓடும். இப்போது மென்பொருளில் எல்லோரும் முதலில் அழுத்தும் பொத்தான் எது? பின்னணி நீக்கம். கருவியின் ரீங்காரம் படம் முழுக்கக் கிடைமட்டப் பட்டைகளாக விழுவதால், எல்லாத் தடங்களின் (ஒவ்வொரு இடத்திலும் பதிவான ஒற்றை அலைப்பதிவு) சராசரியையும் எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்கிறது. ரீங்காரம் போகும். அதோடு நேர்கோடாக இருக்கிற எல்லாமே போகும். நீர்மட்டமும் போகும்.

எனக்குப் போயிற்று. ஒரு பருவம் முழுக்க எடுத்த கோடுகளைப் பின்னணி நீக்கிய படங்களாகவே பார்த்து, "இங்கே நீர்மட்டம் தெரியவில்லை" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக மூலக் கோப்பைத் திறந்தபோது, 2.5 மீட்டர் ஆழத்தில் நீர்மட்டம் கோடு போட்டது போல இருந்தது. அதுவும் ஓரிடத்தில் மட்டும் 12 மீட்டர் அகலத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் கீழே வளைந்து, புனல் வாய் மாதிரி ஒரு புள்ளியை நோக்கி இறங்கியது. ஓடை நீர் பாறைக்குள் போகும் வாய் அது. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான். அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன்.

மூலப் படத்தை முதலில் பாருங்கள், கண் வலிக்கும் வரை பாருங்கள். வடிகட்டி எல்லாம் அப்புறம்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்போடு சேர்த்து: நீர்மட்டத்துக்கு மேலே நுண்துளைகள் வழியாக நீர் கொஞ்சம் ஏறி நிற்கும். மணல் நுண்மையாக நுண்மையாக அந்த ஏற்றம் உயரமாகும், எல்லை மங்கும். 400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த மங்கல் ஒரு சரிவு போலத் தெரியும், எதிரொலி எழும்பாது. 50இன் நீண்ட அலைக்கு அதே மங்கல் ஒரு கூர்மையான படி. அதிர்வெண் கூடினால் எல்லாம் தெளிவாகும் என்ற நினைப்பு நீர்மட்டத்தில் பொய்த்துப்போகும்.

பிப்ரவரி 11

ரேடாருக்கு ஓட்டம் தெரியாது என்று முதல் நாள் சொன்னேன். ஒரு தடவை நடந்தால் தெரியாது. அதே கோட்டில் மறுபடி நடந்தால் கதை வேறு.

மேல்பாறை அடுக்கு, அதாவது மண்ணுக்குக் கீழே கரைந்து பிளந்து கிடக்கும் முதல் சில மீட்டர் பாறை, மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளவில் காற்று இருந்த இடத்தில் நீர் வந்தால் அலை மெதுவாகும். வர்க்கமூலத்தில் 1 இருந்த இடத்தில் 9 வருகிறது. எட்டின் வித்தியாசம், போக வர இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால், பாறைக்குள் சேர்ந்த நீரை ஒரே மட்டமாக 1 மீட்டர் உயரம் என்று வைத்தால் எதிரொலி 53 நானோவினாடி தாமதிக்கும். 100 மில்லிமீட்டர் நீருக்கு 5.3 நானோவினாடி. பாறையின் வேகமோ துளைகளின் விழுக்காடோ இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழே அசையாத ஓர் அடுக்கு எல்லை இருந்தால் போதும், அதன் எதிரொலி எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதே மேலே சேர்ந்த நீர். ஒரு மழைமானியைப் பாறைக்குள் இறக்கியது போல.

ஓடையின் இடது கரையை ஒட்டி ஒரு 80 மீட்டர் கோடு. வறண்ட பருவத்தில் அடுக்கு எல்லை 96 நானோவினாடியில் இருந்தது. மழை முடிந்த வாரம் அதே கோட்டில் 107. 11 நானோவினாடி, அதாவது ஏறத்தாழ 206 மில்லிமீட்டர் நீர். கோடு முழுக்க இப்படி. ஓர் ஆறு மீட்டர் துண்டில் மட்டும் தாமதம் இல்லை. மழைக்கு முன்னும் 96, பின்னும் 96.

சுற்றிலும் பாறை ஊறிக்கிடக்க, அங்கே மட்டும் நீர் நிற்கவில்லை. அங்கே போய்க் குனிந்து பார்த்தோம். கரையோரத்து நீரில் காய்ந்த இலைகள் இரண்டு மூன்று ஒரே இடத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. சுழி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. பக்கத்துக் கல்லில் காது வைத்தால், உள்ளே வெகு கீழே நீர் விழும் சத்தம். அந்த வழியாக எத்தனை தடவை நடந்திருக்கிறோம்!

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கருவி சூடாகும் வரை அதன் பூச்சிய நேரம், அதாவது அது நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி, நகர்ந்துகொண்டே இருக்கும். மழைக்குப் பிந்தைய நாளில் அவசரத்தில் பெட்டியைத் திறந்தவுடன் இழுக்க ஆரம்பித்திருந்தோம். இன்று இரண்டு நாளின் படங்களையும் எடுத்து, ஆன்டெனாவிலிருந்து காற்று வழியாக நேரே வரும் முதல் அலையை ஒப்பிட்டேன். 2 நானோவினாடி நகர்ந்திருக்கிறது. ஆக உண்மையான தாமதம் 9, நீர் 170 மில்லிமீட்டர். 206 இல்லை.

அப்படியானால் அந்த ஆறு மீட்டர்? அங்கே 96 என்று இரண்டு முறையும் வந்ததில் இரண்டாவது 94 ஆகிவிடுமே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டின் நடுவில் இருந்த துண்டு அது, இழுத்து வர ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது. தடம் தடமாக முதல் அலையை நேர் செய்து பார்த்ததில் அங்கே 1 நானோவினாடிக்கும் குறைவான நகர்வு, அந்தத் துண்டின் எண் 95க்கும் 96க்கும் நடுவில் நிற்கிறது. எல்லையைக் குறிப்பதிலேயே 1 நானோவினாடி தவறு வரலாம் என்பதால், மாற்றம் இல்லை என்ற முடிவு நிற்கிறது. மற்ற இடங்களில் எல்லாத் தடத்தையும் இப்படி நேர் செய்த பிறகு 8 முதல் 10 வரை வருகிறது.

கருவியைப் போட்டு 20 நிமிடம் சும்மா விட்டுவிட்டு இழுங்கள். கோடு முடிந்ததும் ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பி ஒரு தடம் எடுத்து ஒப்பிடுங்கள்.

பிப்ரவரி 14

"தாமதம் இல்லை என்றால் நீர் நிற்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வறண்ட காலத்திலும் அங்கே நீர் நிறைந்தே இருந்திருக்கலாமே, அப்போதும் மாற்றம் தெரியாதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூர்மையான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தேன்.

எப்போதும் நிறைந்த இடம், எப்போதும் வடிந்த இடம், இரண்டுமே படத்தில் அசையாது. பிரிப்பதற்கு வேகம் வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களையும் ஒரே நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் அடி அடியாக விலக்கிக்கொண்டே போய் எடுக்கும் அளவீடு ஒன்று உண்டு, அது ஆழத்தை ஊகிக்காமல் வேகத்தைத் தரும். வறண்ட பருவத்தில் அந்தத் துண்டிலும் பக்கத்திலும் எடுத்து வைத்திருந்தேன், இரண்டிலும் 0.11தான் வந்தது. நிறைந்திருந்தால் 0.09 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே வடிந்த இடம்தான். ஆனால் இந்த அளவீடு கையில் இல்லாமலிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. அன்று சோம்பலில் விட்டுவிடலாமா என்று யோசித்த வேலை அது.

பிப்ரவரி 20

படகில் வைத்து நீர் மேலேயே இழுக்கலாமா? முடியும். 1 மீட்டர் நீருக்கு 60 நானோவினாடி, அடித்தளம் அழகாக விழும். பனி உருகி வரும் மென்னீரில் நன்றாக வரும். கார்ஸ்ட் நீர் அப்படியல்ல, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிற கடின நீர். மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 400 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்தால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 7 டெசிபெல் போய்விடும், திரும்பி வர இன்னொரு 7. இரண்டு மீட்டர் ஆழமுள்ள குட்டைகளில் அடியில் வண்டல் எவ்வளவு, அது எங்கே குழிந்து கிடக்கிறது என்று பார்க்கலாம். ஐந்து மீட்டரில் முயற்சி செய்ய வேண்டாம். உப்பு நீர் கலக்கும் கடலோர ஊற்றுகளில் படம் முழுக்க இருட்டுதான்.

மார்ச் 3

உப்புக் கரைசலைப் பிளவில் ஊற்றி ரேடாரில் பின்தொடரலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிளவில் உப்பு நீர் வந்தால் அந்தப் பிளவின் எதிரொலி வலுவில் மாறும், ஒரே இடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் எந்தப் பிளவு எப்போது மாறியது என்று வரிசைப்படுத்தலாம். ஒரு பாறைத் திட்டில் செய்திருக்கிறேன். ஊற்றிய இடத்துக்கு நேர் கீழே இருந்த பிளவு மாறவே இல்லை. நாலு மீட்டர் தள்ளியிருந்த ஒன்று 30 நிமிடத்தில் மாறியது. நீர் நேரே கீழே இறங்கவில்லை, அடுக்கின் சாய்வில் வழுக்கிப் பக்கவாட்டில் போயிருக்கிறது.

ஆனால் ஊற்றுவதற்கு முன்னால், அந்த நீர் எங்கே போய் யார் குடத்தில் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் நீர்த்துறைக்கும் சொல்லாமல் சாயமோ உப்போ எதுவும் விடக்கூடாது.

2000 மே மாதம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறிய ஊர். கனமழைக்குப் பின் மாட்டுச் சாணத்திலிருந்து வந்த கிருமிகள் ஊரின் குடிநீர்க் கிணற்றில் புகுந்தன. 2,000க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். குளோரின் கலப்பதில் நடந்த தவறுகள் விசாரணையில் வெளிவந்தன. கிணற்றுக்கு நீர் தந்தது ஆழம் குறைந்த, பிளவுபட்ட பாறை. மணலில் மாதக்கணக்கில் வடிந்து சுத்தமாகி வரும் நீர், இப்படிப்பட்ட பாறையில் சில மணி நேரத்திலோ சில நாளிலோ அப்படியே வந்து சேர்கிறது. ஓடை எந்த ஆறு மீட்டரில் இறங்குகிறது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஆறு மீட்டருக்குப் பக்கத்தில் தொழுவம் வரக்கூடாது, எருக்குழி வரக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது. 300 மீட்டருக்கும் வேலி போடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு மீட்டருக்குக் கேட்பார்கள்.

மார்ச் 9

முதல் நாள் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஓட்டத்தை 50 மீட்டருக்கு ஒரு முறை அளந்திருக்கிறார்கள், 150க்கும் 200க்கும் நடுவில் பாதிக்கு மேல் குறைகிறது. அந்தத் துண்டில் 100 மெகாஹெர்ட்ஸ் கோடு எடுத்திருக்கிறார்கள். மூன்று இடத்தில் படுகையின் அடுக்குகள் தொட்டில் போலத் தொய்ந்து கிடக்கின்றன. எது உண்மையான வாய் என்று கேட்கிறார்.

படங்களைப் பார்த்தேன். மூன்றும் உறிஞ்சு துளைகளே என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பாறை கீழே போக, மேலிருந்த கூழாங்கல் அடுக்குகள் அதோடு சேர்ந்து தொய்ந்திருக்கின்றன. 158இல் இருப்பதின் அடியில் அலை ஒரேயடியாக மங்கிப்போகிறது, களிமண் அடைத்த பழைய துளையாக இருக்கும். பக்கத்திலேயே அடுக்கு திரும்பத் தெளிவாக வருவதைப் பார்த்தால் ஆன்டெனா கோளாறு என்று சொல்ல முடியாது. 171, 193 இரண்டும் திறந்திருக்கலாம். 193இல் 40 நானோவினாடியில் எதிரொலி தலைகீழாக இருப்பது போல எனக்குப் படுகிறது. முதல் அலையோடு ஒப்பிட்டு ஒரு தடவை நீங்களே பாருங்கள், நான் பார்த்தது சுருக்கிய படம்.

இப்போது செய்ய வேண்டியது: கோட்டின் இரண்டு முனையிலும், ஒவ்வொரு 10 மீட்டரிலும் பாறையில் ஆணி அடித்துவிடுங்கள். வெள்ளம் வந்தாலும் போகாதபடி. மூலக் கோப்புகளைத் தொடாமல் தனியாக வையுங்கள். 171இலும் 193இலும் நடுப்புள்ளி அளவீடு இப்போதே, வறண்டிருக்கும்போதே எடுங்கள். ஓடை மறுபடி பெருகி இறங்கிய வாரம் அதே ஆன்டெனா, அதே திசை, அதே ஆணி. ஊற்றில் நீரின் வெப்பநிலையையும் மின்கடத்துதிறனையும் பதியும் சிறிய கருவி ஒன்றை இன்றே போட்டுவிடுங்கள், மழை நீர் வந்து சேரும் நாளை அது பிடிக்கும்.

193க்குப் பக்கத்தில் கரையில் ஏதாவது மரம் நிற்கிறதா?

மார்ச் 10

இல்லை என்று பதில் வந்திருக்கிறது. 20 மீட்டருக்குள் மரமோ கம்பியோ கிடையாது. வேகம் 0.1இல் பொருந்துகிறதாம். சரி, மழைக்குப் பிறகு எடுத்த கோடு வந்ததும் மூலக் கோப்பாகவே அனுப்புங்கள்.